முதலில் அது தொண்டை

உங்களுக்கு மெஷின்களைக் காட்டித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆக்சிஜன் மெஷினின் வடிகட்டியை எப்போது கழுவ வேண்டும், சிலிண்டர் முள் எங்கே வந்து நின்றால் மாற்ற வேண்டும், மழைக்காலத்தில் ஜீப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் அலுவலகச் சுவரைப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் பட்டியல்கள் நான் எழுதியவை. பட்டியல் போடாமல் இந்தப் பெண்ணால் தேநீர்கூடக் குடிக்க முடியாது என்று நம் டிரைவர் கனி அண்ணன் சொல்வார்.

இன்று சொல்லப்போவது சுவரில் ஒட்ட முடியாதது. ஓர் எபிரேயச் சொல்லைப் பற்றியது. மலை ஏறி வீடு வீடாகப் போய் மூச்சுத் திணறுகிறவர்களைக் கவனிக்கும் நமக்கு எபிரேயம் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

முப்பத்திரண்டு வயதில் இந்த வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். சிலிண்டர் தூக்கித் தூக்கி முதுகெலும்புத் தட்டு விலகிவிட்டது. மலைப்படி இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாலக்காட்டுப் பக்கம் என் ஊரான நல்லேப்பிள்ளிக்குத் திரும்புகிறேன். அங்கே தரை சமமாக இருக்கும். போவதற்கு முன் இதை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

எனக்கு வேலை கற்றுத்தந்தவர் நம் பழைய தலைமை நர்ஸ். பெயர் சொல்வது அவருக்குப் பிடிக்காது. சிஸ்டர் என்றே சொல்கிறேன். என்னுடைய முதல் மாதத்தில் உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு வீட்டில், போர்வைக்குள் சுருண்டிருந்த ஒரு பெண்மணியின் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை மாட்டினேன். எண் பயங்கரமாக இறங்கிக் காட்டியது. நான் படியில் உருண்டு விழாத குறையாக சிலிண்டரை எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது சிஸ்டர் அந்த அம்மாவோடு சேர்ந்து பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"மோளே, கை ஐஸ் மாதிரி இருக்கு. தணுப்பில மெஷின் பொய் சொல்லும். நீ கழுத்து நோக்கினியா?"

நோக்கவில்லை. போர்வையை விலக்கிக் காட்டினார். இரண்டு காறை எலும்புகளுக்கு நடுவே, தொண்டையின் அடியில் ஒரு குழி இருக்கிறதல்லவா, அது அமைதியாக இருந்தது. மூச்சு போதாதவர்களுக்கு ஒவ்வொரு இழுப்பிலும் அந்தக் குழி உள்வாங்கும். பக்கத்துத் தசைகள் கயிறுபோல் விறைக்கும். "ஆளு என்ன சொன்னாலும் சரி, மெஷின் என்ன சொன்னாலும் சரி. முதல்ல தொண்டை," என்றார் சிஸ்டர். அவர் சொன்னது அவ்வளவுதான். அதன் மீதி அர்த்தம் எனக்கு வேறொருவரிடம் கிடைத்தது.

சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் கடைசி வீட்டில் ஞானதாஸ் என்ற உபதேசியார் இருந்தார். தகரக்கூரை போட்ட சிறிய சபை ஒன்றை அவர் நடத்திவந்தார். ஐம்பது வயது ஆகவில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். குணமாகாது, மெதுவாக இறுகிக்கொண்டே போகும். முதல் தடவை போனபோது நான் அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பிள்ள, கழுத்துல என்னத்தத் தேடுத? செயின் கெடந்தா எடுத்துக்கோ," என்றார்.

தொண்டைக் குழியைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நெஃபெஷ்," என்றார்.

"என்னங்க ஐயா?"

"எபிரேயத்துல ஒரு வார்த்தை. நம்ம வேதத்துல பெரும்பாலும் ஆத்துமான்னு போட்டிருப்பாங்க. ஆனா அடியில அது தொண்டை. பிள்ள, நீ வேலைக்கு வந்து ரெண்டு மாசத்துல பாத்தத, நான் பைபிள் காலேஜ்ல மூணு வருசம் படிச்சும் முழுசாப் பாக்கல."

அவருடைய மனைவி பாக்கியம் அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "இத்தன வருசமா ஆத்துமா ஆத்துமான்னு தொண்ட கிழியப் பிரசங்கம் பண்ணிட்டு, இப்ப வந்து தொண்டங்காரு!"

"அதத்தாம்ட்டி நானும் சொல்லுதேன். கிழிஞ்சது தொண்டதானே?"

அன்று முதல் ஒவ்வொரு முறை போகும்போதும் அந்தச் சொல்லிலிருந்து ஒரு துண்டு எடுத்து வைத்திருப்பார். தன்னுடைய கடைசிப் பிரசங்கம் இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் என்று திட்டம் போட்டிருந்தார். பேச்சைக் குறைக்கச் சொல்லி சிஸ்டர் அதட்டுவார், அவர் கேட்கமாட்டார். நான் வழக்கம்போல் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

முதலில் தொண்டை, கழுத்து. வெள்ளத்தில் அகப்பட்ட ஒருவன் தண்ணீர் தன் நெஃபெஷ் வரை ஏறிவிட்டதாக அலறும் இடம் வேதத்தில் உண்டாம். அவன் ஆத்துமாவைப் பற்றிப் பேசவில்லை, முழுகப்போகிறான் என்றார் ஐயா. எபிரேயத்தைவிடப் பழைய அக்கம்பக்கத்து மொழிகளிலும் இதே வேரிலிருந்து வந்த சொல் தொண்டையைக் குறிக்குமாம். அடுத்தது தொண்டை வழியாகப் போய்வரும் மூச்சு. இதையே வினைச்சொல்லாக்கினால் மூச்சு வாங்கி இளைப்பாறுவது. பிறகு தொண்டை கேட்பது: பசி, தாகம், ஆசை. "ஆத்துமா பசியா இருக்குன்னு படிச்சா எல்லாரும் கூட்டம் போட்டு ஜெபம் பண்ணுதாங்க. சோறுல்லா போடணும்?" என்றார் ஒருநாள். அதன்பின் உயிர். அதன்பின் ஆள், தலை எண்ணும்போது இத்தனை நெஃபெஷ் என்றே எண்ணுவார்களாம். கடைசியாக, சில இடங்களில், பிணம்.

"உயிருக்கும் பிணத்துக்கும் ஒரே வார்த்தைங்களா?" என்று கேட்டேன்.

"ஆளு அதே ஆளுதானே. நீங்க ஆஸ்பத்திரிக்காரங்கதான் மூச்சு நின்ன அடுத்த நிமிசம் 'பாடி'ன்னு பேர மாத்திருதீங்க."

கனி அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம், அப்பாவுக்குத் துணிக்கடை. "எங்க அரபியில நஃப்ஸ்னு இருக்கு, ஐயா. உயிருன்னும் சொல்லுவாங்க, அடங்காத மனசுன்னும் சொல்லுவாங்க. எங்க அத்தா, நான் ரெண்டாவது பிரியாணிக்குத் தட்ட நீட்டினா, 'உன் நஃப்ஸ அடக்குடா'ம்பாரு."

ஐயா கைதட்டினார். "கூடப்பொறந்த வார்த்தைவே அது! ஒரே வயித்துப் பிள்ளைங்க."

அந்த அறையில் நான் கேட்ட கடைசிக் கைதட்டல் அது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. இது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது. சபையைச் சேர்ந்த ஒருவர் சாகும் தறுவாயில் இருந்தால் எல்லோரும் போய்ச் சுற்றி நின்று பாடுவார்கள். உபதேசியார் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கா?" என்று கேட்பார். "பயமில்லை" என்று சாகப்போகிறவர் சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சி என்று பெயர். அந்தச் சாட்சியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீட்டார் பிறகு வாழ்வார்கள். அப்படி ஐயா சாட்சி வாங்கிய கடைசி ஆள் ஜோயல் என்ற இருபது வயதுப் பையன். சிறுநீரகம் கெட்டுச் செத்தவன். சபையின் மூப்பர், அதாவது ஐயாவுக்கு அடுத்த பொறுப்பில் இருந்த தங்கராஜின் ஒரே மகன்.

ஐயாவும் ஆரம்பத்திலேயே எங்களிடம் சொல்லியிருந்தார்: முடிவு நெருங்கினால் ஆஸ்பத்திரி வேண்டாம், தன் வீட்டில், தன் சபை நடுவில் போக வேண்டும். தெளிவான மனதோடு, மூப்பரின் முன்னிலையில் சொன்னார். நாங்கள் கோப்பில் குறித்துக்கொண்டோம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் பாக்கியம் அக்கா போன் செய்தார். நாங்கள் மேலே போய்ச் சேரும்போது வழியில் ஓரிடத்தில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. ஒரு வண்டி மட்டும் ஒட்டிப் போகலாம். மண் இன்னும் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. "உள்ள போய் சாயா குடிச்சிட்டு இருக்காதீங்க. இது சாயந்திரம் வரைக்கும் நிக்காது," என்று கனி அண்ணன் எங்களை அனுப்பிவிட்டு ஜீப்பைத் திருப்பி நிறுத்தினார்.

வீட்டு வாசல் முழுக்கக் குடையும் செருப்பும். உள்ளே சபை மொத்தமும் இருந்தது. சன்னல்கள் சாத்தியிருந்தன. பாட்டு நடந்துகொண்டிருந்தது. நடுவில் கட்டிலில் ஐயா இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெஷின் முழு அளவில் ஓடிக்கொண்டிருந்தது. நெற்றி வியர்த்திருந்தது; உடம்பு கொதித்தது.

சிஸ்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு என்னை ஓரமாக இழுத்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் முடிவெடுக்க வேண்டியது இதன்மீதுதான். நோய் அதன் கடைசிக்கு வரவில்லை. இது அந்த நோயின்மேல் வந்து சேர்ந்த சளிக் காய்ச்சல். கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்தும் முகமூடி மெஷினும் கொடுத்தால் சில மாதங்கள் கிடைக்கலாம். வழியிலேயே போய்விடவும் கூடும். இங்கேயே இருந்தால் நம்மால் திணறலை அடக்க முடியும், காய்ச்சலை வெல்ல முடியாது. அநேகமாக நாளை தாண்டாது.

சிஸ்டர் இதையே எல்லோருக்கும் கேட்கும்படி ஐயாவிடமும் சொன்னார். பாட்டு நின்றது. மூப்பர் தங்கராஜ் கட்டிலருகே முட்டி போட்டார். அவர் கெட்டவர் என்று யாரும் நினைக்கக் கூடாது. அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"ஐயா, நீங்க எப்பவோ சொல்லிட்டீங்க. சபைக்கு நடுவுல போகணும்னு. நாங்க எல்லாரும் வந்துட்டோம். பயமில்லைன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க, போதும்."

ஐயா கூட்டத்தைப் பார்த்தார். தலையை அசைத்தார். "அல்லேலூயா" என்று பல குரல்கள் எழுந்தன. ஒரு பெண் தேம்பினாள். மூப்பர் எங்களைப் பார்த்து, "போதுமா சிஸ்டர்?" என்றார்.

இதைக் கவனியுங்கள். எங்கள் கையில் எல்லாமே இருந்தது. முன்பே தெளிவாகச் சொன்ன விருப்பம், கோப்பில் குறிப்பு, இப்போது எல்லோர் முன்பும் ஒரு தலையசைப்பு. எந்த டாக்டரும் எந்த அதிகாரியும் எங்களைக் குறைசொல்ல முடியாது. மருந்துப் பெட்டியைத் திறந்து, திணறலை அடக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, கூடவே உட்கார்ந்திருக்கலாம். பல நாள் அதுதான் சரியான வேலையாகவும் இருக்கும்.

ஆனால் நான் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழி ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு விரல் நுழையும் ஆழத்துக்கு உள்ளே போய் வந்தது. தலை சம்மதம் என்றது. கழுத்து முழுப் பலத்தோடு காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. திணறல் என்றால் எல்லோருக்கும் குழி விழும், அது விருப்பம் ஆகாது, எனக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டையும் ஒருசேரப் பார்த்தபின் கேட்காமல் விட முடியாது. சிஸ்டரைப் பார்த்தேன். அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் "நோயாளியோடு தனியாகப் பேச வேண்டும்" என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள், நோயாளியையே சந்தேகப்படுவார்கள். சிஸ்டர் எப்போதும் வேறு மாதிரி செய்வார். அன்றும், "ஐயாவுக்குத் துணி மாற்றணும். பெண்ணுங்க ஆணுங்க எல்லாம் வெளியே நில்லுங்க. பாக்கியம், நீயும்," என்றார் சாதாரணமாக.

"நானுமா? எம் புருசன் வேட்டிய நான் மாத்தாம..."

"நீ போய் வெந்நீர் வை."

கதவைச் சாத்தினேன். சன்னலைத் திறந்தேன். மழைச்சாரலோடு காற்று வந்தது. அவர் முன்னால் மண்டியிட்டேன்.

"ஐயா, இப்ப நாங்க ரெண்டு பேருதானுங்க இருக்கறோம். நீங்க பேச வேண்டாம். கீழ போகோணும்னா என் வலது கைய அழுத்துங்க. இங்கயே இருக்கோணும்னா இடது கை. இங்க இருந்தாலும் திணற விடமாட்டோம், மருந்து இருக்குதுங்க. ரெண்டுல எதுன்னாலும் சரிங்க."

அவர் எந்தக் கையையும் அழுத்தவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் புரிந்துகொண்டு தாழ்ப்பாளையும் போட்டார். சத்தம் கேட்டபிறகு அவர் என் விரல்களைப் பிடித்துத் தன் தொண்டைக் குழியில் வைத்தார். என் விரல் நுனி உள்ளே இழுபட்டது.

"இது... கேக்குது," என்றார். பிறகு இரண்டு மூச்சு விட்டு, "நான் இல்ல. இது."

எனக்கு அவருடைய பாடம்தான் நினைவுக்கு வந்தது. "அந்த வார்த்தையில தொண்ட வேற, ஆளு வேற இல்லைன்னு சொன்னது நீங்கதானுங்களே?"

அந்த நிலையிலும் அவர் உதட்டோரம் கோணியது. வாதத்தில் தோற்ற மனிதனின் சிரிப்பு. கண்ணை மூடிக்கொண்டு என் வலது கையை அழுத்தினார். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"பாக்கியத்த... கூப்பிடு."

மூங்கில் நாற்காலியில் உட்கார வைத்து, சிலிண்டரை மாட்டி, கதவைத் திறந்தோம். ஜீப் நின்ற இடம் வரை படி இறங்க வேண்டும். தோட்டத்தில் நோயாளியை நாற்காலியோடு தூக்க நான்கு ஆண்கள் வருவது வழக்கம், சொல்லக்கூட வேண்டாம். அன்று வாசலில் அத்தனை ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

"கீழ போகுதாரா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆமா, போகுதாரு," என்றார் பாக்கியம் அக்கா. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார். சிஸ்டர் ஒரு கால், நான் ஒரு கால். கனி அண்ணன் படியேறி ஓடிவந்து நான்காவதைப் பிடித்தார். வழுக்குப் படிகளில் நாங்கள் நால்வரும் இறங்கினோம். முதுகுவலி தொடங்கிய நாள் எது என்று டாக்டர் கேட்டபோது நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மூப்பர் எங்களுக்குப் பின்னாலேயே நனைந்துகொண்டு வந்தார். ஜீப் கதவைச் சாத்தும்போது உள்ளே குனிந்து கேட்டார்.

"எம் பயல சொல்ல வச்சீரே ஐயா. அவன் சொன்னானே. இப்ப நீரு ஓடுனா அவனுக்கு என்ன பதில் சொல்லுவீரு?"

முகமூடிக்குள் ஐயாவின் உதடுகள் அசைந்தன. ஒன்றும் கேட்கவில்லை. கனி அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார். மண்சரிவைத் தாண்டும்போது கனி அண்ணன் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

அவர் பிழைத்தார். இந்த மாதிரி அனுபவங்களைச் சொல்லும்போது பிழைத்ததோடு நிறுத்திக்கொள்வது நம் தொழிலில் வழக்கம். நான் நிறுத்தப்போவதில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால்தான் நமக்கு அதிகம் தெரிய வேண்டியது இருக்கிறது.

மழை ஓய்ந்து ஐயா லயத்துக்குத் திரும்பினார். சபை திரும்பவில்லை. மூப்பர் வீட்டில் வேறாகக் கூடினார்கள். தகரக்கூரைக்குக் கீழே பாக்கியம் அக்கா மட்டும் பெருக்கிவிட்டு வருவார். அவர் கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். யாரும் திட்டவில்லை, யாரும் வரவில்லை. அவ்வளவுதான். கடைசிப் பிரசங்கத்துக்கு ஆள் இல்லை. நான் சொல்லைப் பற்றிக் கேட்டால், "அதான் எல்லாம் சொல்லியாச்சே" என்று மழுப்பினார். அந்த வாரங்களை நாங்கள் அவருக்கு வாங்கிக் கொடுத்தோம். எப்படிப்பட்ட வாரங்கள் என்பது எங்கள் கையில் இல்லை. தீர்ப்பு சரியாக இருந்தாலும் விலை இருக்கும், அதைக் கொடுப்பது நாமாக இருக்கமாட்டோம்.

ஏலக்காய் பறிப்பு நடக்கும் நாள் ஒன்றில் ஐயா என்னிடம், "மூப்பர் வீட்டுக்குப் போகணும். அவரு வரமாட்டாரு," என்றார். தூரம் அதிகமில்லை, அடுத்த லயம். ஆனால் அவருக்கு அது ஒரு மலை. சக்கர நாற்காலியைக் கனி அண்ணன் தள்ள, நான் சிறிய சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மூப்பர் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

ஐயா மூச்சைச் சேர்த்துக்கொண்டு தொடங்கினார். "தங்கராசு, அன்னைக்கு ஜோயல் கட்டில்ல கெடந்தப்ப, நீரு வெளிய நின்னீரு. தகப்பன் முன்னால பிள்ள மனசு தளரும், நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லி நாந்தான் உம்ம வெளிய அனுப்புனேன்."

மூப்பரின் கை நின்றது.

"பயமா இருக்கான்னு கேட்டேன். அவன் பதில் சொல்லல. 'அப்பா எங்க'ன்னான். 'முதல்ல சாட்சி சொல்லு, அப்பாவக் கூப்பிடுதேன்'னேன். திரும்பவும் 'அப்பா எங்க'ன்னான். நான் திரும்பவும் அதையே சொன்னேன். அப்புறந்தான் 'பயமில்ல'ன்னான். கதவத் தொறந்து உம்மக் கூப்பிடும்போது முடிஞ்சிட்டு."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சிலிண்டரைப் பிடித்திருந்ததால் நகரவும் முடியவில்லை. அந்தப் பையன் கேட்டது தன் தகப்பனை. எங்கள் ஐயாவுக்குக் காற்று எப்படியோ, அவனுக்கு அது அப்படி.

மூப்பர் நிலத்தைப் பார்த்தபடி, "என்ன கேட்டான்?" என்றார்.

"அப்பா எங்கன்னு."

"அப்படியேவா சொன்னான்? அப்பான்னா?"

"அப்பான்னுதான்."

"இன்னொரு தடவ சொல்லும்."

ஐயா சொன்னார். மூப்பர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் காத்திருந்தோம். சிலிண்டர் முள் இறங்கிக்கொண்டே வந்ததால் திரும்பினோம். வழியெல்லாம் ஐயாவின் தொண்டைக் குழி வேலை செய்துகொண்டிருந்தது.

அடுத்த முறை நோய் உண்மையாகவே அதன் முடிவுக்கு வந்தது. கூட்டம் இல்லாததால் யாரையும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் கதவைச் சாத்தி, அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேட்டேன். அவர் யோசிக்காமல் என் இடது கையை அழுத்தினார். பாக்கியம் அக்கா அவரைத் தன் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டார். மருந்து வேலை செய்தது. கழுத்துத் தசைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. குழி ஆழம் குறைந்து, குறைந்து, நின்றது.

அவர் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை எடுத்து முகம் துடைக்கும்போது, தோட்டத்து ஆம்புலன்ஸில் வந்தவர், "பாடிய எந்தப் பக்கம் தலை வைக்கணும்?" என்று கேட்டார்.

"ஐயாவ," என்றார் சிஸ்டர். "ஐயாவ இந்தப் பக்கம்."

அடக்கத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். எதிர்பாராமல் சபையும் வந்திருந்தது, குழிக்குக் கொஞ்சம் தள்ளி. போதகர் வழக்கம்போல, நம் சகோதரர் கடைசியில் என்ன சாட்சி சொன்னார், யாராவது சொல்லுங்கள் என்றார். பாக்கியம் அக்கா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நாங்கள் சொல்ல முடியாது. அறையில் கேட்டதை வெளியில் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

மூப்பர் தங்கராஜ் முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ஐயா மூச்சு கேட்டாரு," என்றார். "எம் பயல் என்னையக் கேட்டான்."

அவ்வளவுதான் சொன்னார். அவர் குனிந்து, மண்வெட்டியை வாங்கிக்கொள்ளாமல், கையாலேயே முதல் மண்ணைப் போட்டார்.

நீங்கள் இனிப் போகும் வீடுகளில் பலர் பல மொழியில் பேசுவார்கள். உறவுகள் பேசும், சபை பேசும், கோயில் பேசும், கோப்பு பேசும். எல்லாவற்றையும் மரியாதையோடு கேளுங்கள். பிறகு துணி மாற்ற வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். கதவைச் சாத்துங்கள். கழுத்தைப் பாருங்கள். பார்த்ததோடு நிற்காமல், கேளுங்கள்.

சிஸ்டர் எனக்குக் கற்றுத்தந்தது இதுவரைதான். இதற்கு மேல் ஒன்றே ஒன்று என்னுடையது. நோயாளி யாரையாவது கேட்டால், வேறு எந்த வேலையையும் முதலில் செய்யாதீர்கள். எழுந்து போய்க் கதவைத் திறங்கள். அந்த ஆள் அநேகமாக வெளியேதான் நின்றுகொண்டிருப்பார்.